விளக்குக்காரனின் நனைந்த கோட்டு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நானும் மாமாவும் நலம். சலவைக் கடையும் நலம். பாய்லர் மட்டும் படியேறி வந்த மாமாவைப் போல மூச்சு வாங்குகிறது. இரண்டு பேரையும் ஒரே நாளில் யாரிடமாவது காட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

மலைமேல் இருக்கிற வானிலை நிலையத்தில் வேலையில் சேர்ந்துவிட்டாய், தங்க அறையும் கிடைத்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், கொஞ்ச நாளைக்குக் கடிதமாகவே எழுதுங்கள் அத்தை என்று கேட்டிருந்தாய். எனக்கும் அதுதான் வசதி. போனில் நான் அழுதால் உனக்குக் கேட்டுவிடும். கடிதத்தில் மை கலங்கினால் இஸ்திரி மேஜையில் வைத்து எழுதினேன், நீராவி பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் விஷயத்தைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் என் பிள்ளையும் இனி சேர்ந்து இருக்கப்போவதில்லை, சண்டை சச்சரவு இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிடப் போகிறீர்கள் என்று தெரியும். ஏன் என்று உன்னைக் கேட்கமாட்டேன். அவனைக் கேட்டேன். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவன், வீட்டுக்குள் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி நிற்கிறான். சரி, விட்டேன்.

உன் சாமான்களைப் பெட்டியில் போட்டு மாமா லாரியில் ஏற்றிவிட்டார். செருப்பை எல்லாம் ஜோடி பார்த்துத்தான் வைத்தேன். இரண்டு பொருள் மட்டும் பாக்கி. ஒன்று உன் நீலக் கம்பளிச் சட்டை. முழங்கையில் நூல் பிரிந்திருக்கிறது. தைத்து, துவைத்து, பிறகு அனுப்புகிறேன். இன்னொன்று அந்தப் புத்தகம். எங்கே என் புத்தகம், எங்கே என் புத்தகம் என்று கடிதம் முழுக்கக் கேட்டிருக்கிறாயே, அது என்னிடம்தான் இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாய். என்னதான் இருக்கிறது இதில் என்று முதல் பக்கத்தைத் திருப்பினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

எனக்குக் கதைப் புத்தகம் படித்துப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். அதிலும் மந்திரம் மாயம் என்றால் காத தூரம் ஓடுவேன். ஆனால் இந்தக் கதையில் வருகிற ஊர் என்னை விடமாட்டேன் என்கிறது. சாயங்காலம் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வருகிறது. அது வந்துவிட்டால் தெருக்கள் இடம் மாறிவிடுகின்றன. அதனால் வாசலுக்கு வாசல் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். பேசின பேச்சு பனியில் தங்கிப்போய், நாலு நாள் கழித்து வேறு யார் காதிலோ விழுகிறது. இரவில் வெளியே விட்ட துணியில் காலையில் யாருடைய குரலோ ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்! அதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மறுநிமிடமே கோபமும் வந்தது. அந்த ஊரில் சலவைக் கடை வைத்தவள் எப்படிப் பிழைப்பாள்? ஒரு துண்டு காயுமா?

நீ இருந்தவரை நம் மொட்டை மாடித் துணி ஒரு நாளும் மழையில் மாட்டியது இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணாந்து பார்த்து, "அத்தை, மதியத்துக்குள்ள எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாய். இப்போது ரேடியோ வைத்துக் கேட்கிறேன். அவர்கள் வெயில் என்று சொன்னால் நான் ஓடிப்போய்த் துணியை எடுக்கிறேன்.

கதை சொல்கிறவன் தெருவிளக்கு ஏற்றுகிறவன். பாவப்பட்ட மனுஷன். பெண்டாட்டியைப் பனி கொண்டுபோய்விட்டது. தினமும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே விளக்கு ஏற்றுகிறான். படிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் நீ ஓரத்தில் பென்சிலால் அங்கங்கே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாயே, அது எதற்கு? அவன் அழும்போதெல்லாம் பக்கத்தில் உன் கேள்விக்குறி நிற்கிறது. உனக்குக் கல்நெஞ்சா?

நான் நாலாவது அத்தியாயத்தில்தான் இருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு நேரம் ஆகத்தான் செய்யும். முடித்ததும் அனுப்புகிறேன், அவசரப்படுத்தாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை


அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. "அத்தை, அவன் சொல்றதை அப்படியே நம்பிடாதீங்க" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, மேலே ஒன்றும் சொல்லமாட்டேன் என்று நழுவிவிட்டாய். ஆள் சரியான கள்ளி. அந்த ஒரு வரியால் இங்கே கடையில் வேலை கெட்டுப்போயிருக்கிறது.

முதலில் ஒரு விபத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு நான் சத்தமாகப் படிப்பேன், மாமா இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பார். புத்தகத்தை நீராவி மேஜை ஓரத்திலேயே சாய்த்து வைத்துக்கொண்டிருந்தேன். சில நாளில் அது உப்பிவிட்டது. ஊறவைத்த அவல் மாதிரி ஆகிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சுருங்கின துணிக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தேன். மேலே மெல்லிசுத் துணி விரித்து, சூட்டைக் குறைத்து, பக்கம் பக்கமாக இஸ்திரி போட்டுவிட்டேன். பக்கங்கள் எல்லாம் மொடமொடவென்று புது நோட்டு மாதிரி ஆகிவிட்டன. ஆனால் முதுகுப் பக்கத்தில் இருந்த பசை உருகிப்போய், புத்தகம் மொத்தமும் உதிர்ந்து தரையில் கொட்டிவிட்டது. மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பயப்படாதே. பக்க எண் பார்த்து அடுக்கிவிட்டோம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஊக்குக் குத்தி, வாடிக்கையாளர் துணிக்குப் போடுகிற குறித் துண்டையே எழுதி மாட்டியிருக்கிறேன். உன் புத்தகம் இப்போது சலவைக்கு வந்த சட்டை வரிசை மாதிரி அலமாரியில் இருக்கிறது. இதைப் பார்த்ததும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். கல்யாணம் ஆகி வந்த புதிதில், உன் துணிகளுக்கெல்லாம் நீயே சமத்தாகக் குறித் துண்டு குத்திக் கொண்டுவந்து வாடிக்கையாளர் கூடையில் போட்டாய். நான் பிடுங்கித் தூரப் போட்டேன். "வீட்டுத் துணிக்கு எதுக்கும்மா குறி?" என்று நான் கத்தின கத்தலில் நீ பயந்துவிட்டாய். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தாய் என்று பிள்ளை சொன்னான்.

இப்போது கதைக்கு வருகிறேன். உன் விளக்குக்காரனைப் பிடித்துவிட்டேன்! பெண்டாட்டி போன அன்று ராத்திரி வீட்டைவிட்டு வெளியே காலே வைக்கவில்லை என்கிறான். அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன், கதவு திறந்த சத்தம் கேட்டது, எழுந்து வருவதற்குள் பனி அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று உருகி உருகிச் சொல்கிறான். நாங்கள் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். அடுத்த அத்தியாயத்தில், விடிந்ததும் துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார இடமில்லாமல், அவன் நாற்காலியில் காயப்போட்டிருந்த கோட்டை எடுத்து ஓரமாக வைக்கிறார்கள். கோட்டு எதற்குடா காயணும், வெளியே போகாதவனுக்கு? நான் படிப்பதை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தேன். மாமா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் உன் கேள்விக்குறி இருந்தது. உன் முதுகில் ஒரு தட்டு தட்டவேண்டும் போல எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் திரும்ப முதலிலிருந்து எடுத்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது ஒரு வரியைக்கூட நம்ப முடியவில்லை. ஒரு இடத்தில் அவள் கயிற்றைக் கட்ட மறந்துவிட்டாள் என்கிறான். இன்னொரு இடத்தில் கயிற்றை நான்தான் தினமும் கட்டுவேன் என்கிறான். அவளுக்கு ஊரில் யாரோடும் பேச்சே கிடையாது என்கிறான், ஆனால் பனியில் தங்கிப்போன அவள் சிரிப்பு தெருத் தெருவாகக் கேட்கிறது. எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறான் படுபாவி! பொய் என்று தெரிந்த பிறகுதான் அந்த ஊர் இன்னும் நிஜமாக இருக்கிறது. அது ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ படித்தவள், நீ சொல்லு.

எதிர்ப் பக்கத்துப் பல் டாக்டரை நினைவிருக்கிறதா? வாரத்துக்கு ஒருமுறை வெள்ளைக் கோட்டைச் சலவைக்குப் போடுவாரே, அவர்தான். ஒரு நாள் கோட்டு வாங்க வந்தவர் கதை கேட்டுக்கொண்டே நின்றுவிட்டார். இப்போது தினமும் வருகிறார். அழுக்கே ஆகாத கோட்டை எல்லாம் கொண்டுவந்து போடுகிறார். விளக்குக்காரன் பெண்டாட்டியை ஏரியில் தள்ளிவிட்டிருப்பான் என்று நான் சொன்னேன். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்லீங்கம்மா, அவரு அப்படிப்பட்டவரா தெரியலைங்க" என்று சொந்த மச்சானுக்குப் பரிந்து பேசுவது போலப் பேசுகிறார். பிறகு பல் வலியோடு காத்திருந்த யாரோ கூப்பிட ஓடினார்.

பொய் என்றதும் நினைவு வருகிறது. உன் விஷயமாக என் பிள்ளை ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுடைய பெரியம்மாவிடம், உனக்கு வேலை மாற்றல், மேலிடத்து உத்தரவு, தட்ட முடியாது என்றிருக்கிறான். மாமாவிடம், நான்தான் அவளைப் போகச் சொன்னேன் என்கிறான். பல் டாக்டரிடம், எனக்குக் கோபம் ஜாஸ்தி டாக்டர், யாராலயும் தாங்க முடியாது என்றானாம். கோபமா, இவனுக்கா? கொசு கடித்தால் நகர்ந்து உட்காருகிறவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சட்டைக்கு அளவுக்கு மீறிக் கஞ்சி போட்டுவிட்டேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் வேலைக்குப் போனான்.

புத்தகம் பாதிதான் தாண்டியிருக்கிறது. இன்னும் நாள் ஆகும். கம்பளிச் சட்டைக்கு அதே நீலத்தில் நூல் தேடிக்கொண்டிருக்கிறேன். உனக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், வெந்நீர் குடி.

அன்புடன்,
அத்தை


அன்புள்ள

இந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டுப் போய், டாக்டரின் கோட்டுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்தேன். நேற்று பிள்ளை வந்து, கையெழுத்துப் போட்டாயிற்று, எல்லாம் முடிந்தது என்றான். முடிந்தால் மருமகள் என்று எழுதக்கூடாதோ என்று ஒரு சந்தேகம். மாமாவைக் கேட்டேன். "வேற என்னன்னு எழுதுவ?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு ஆணியில் தொங்கின துணியை எடுக்கப் போய்விட்டார். அதனால் அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். உனக்கு எது பிடிக்கிறதோ அதைப் போட்டுப் படித்துக்கொள்.

கையெழுத்துப் போட நீ அலுவலகத்துக்கு வந்திருந்தபோது கையில் பை கனமாக இருந்தது, அவனே வாங்கிக்கொண்டு வந்தான் என்று தெரிந்துகொண்டேன். நீ இளைத்திருக்கிறாயா என்று கேட்டேன். "நல்லா இருக்காம்மா, நல்லாவே இருக்கா" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பொய் இல்லை. எனக்கு அதுவே போதும். கடை வாசலுக்கு வந்துவிட்டுப் போயிருக்கலாமே என்று மட்டும் தோன்றியது. வந்திருந்தால் உன்னைத் திரும்பப் போக விட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இன்று ஒன்று சொல்லவேண்டும். நீ ஊரைவிட்டுக் கிளம்பின அன்று நல்ல மழை. ஞாபகம் இருக்கும். நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள்தான் வந்தோம். வந்ததும் இவனிடம், ஏண்டா, அவளை ரயில் ஏற்றிவிடவாவது போனாயா என்று கேட்டேன். நான் எதுக்குப் போகணும், வீட்லயேதான் இருந்தேன் என்று வெடுக்கென்று சொன்னான். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இப்படி ஒரு கல்லைப் பெற்றேனே என்று அன்றைக்கெல்லாம் அவனோடு பேசவில்லை. அதே கோபத்தில்தான் அவன் போட்டுவைத்த அழுக்குத் துணியை அலச எடுத்தேன். சட்டை, பேன்ட், உள்ளே போடுகிற பனியன், காலுறை வரைக்கும் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. பையில் பிளாட்ஃபாரச் சீட்டு கூழாகிக் கிடந்தது.

பார்த்துக்கொண்டேதான் துவைத்தேன். ஆனால் புரியவில்லை. கதையில் வருகிற கோட்டை ஒரு நொடியில் பிடித்தவளுக்கு, கையிலேயே இருந்த சட்டை பிடிபடவில்லை பார். போன வாரம் விளக்குக்காரனைத் திட்டிக்கொண்டே படிக்கும்போதுதான் சுரீரென்று உறைத்தது. படிப்பதை அப்படியே நிறுத்திவிட்டேன். பல் டாக்டர் என்னங்கம்மா என்று கேட்டார். கண்ணில் ஆவி பட்டுவிட்டது என்றேன்.

சாயங்காலம் பிள்ளை வந்ததும் உட்காரவைத்துக் கேட்டேன். ஏண்டா, ஒரு வாயில் எத்தனை கதை? மாற்றல் என்கிறாய், நான் போகச் சொன்னேன் என்கிறாய், கோபக்காரன் என்கிறாய். எதுதான் நிஜம்? "அவளுக்குப் போகணும்னு இருந்துச்சும்மா. எனக்குத் தெரிஞ்சுது. உள்ளதைச் சொன்னா சொந்தக்காரங்க அவளைத்தான் பேசுவாங்க. அவளை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றான். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டான். நான் அவனுக்கு வெறும் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மாவு எடுக்க மறந்து நின்றேன்.

உன்மேல் வருத்தம் இருக்கிறதா என்று நீ கேட்கமாட்டாய், ஆனால் நினைப்பாய். இருக்கிறது. கொஞ்சம் இருக்கிறது. இரண்டு நல்ல பிள்ளைகள் ஒரு வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாமல் போகுமா என்று எனக்கு இன்னும் புரியத்தான் இல்லை. ஆனால் உன்மேல் கோபம் இல்லை. அது ஒரு நாளும் இருந்தது இல்லை.

இனிமேல் கதை. கடைசி அத்தியாயம் இன்னும் படிக்கவில்லை. அதற்கு முன்னால் என் யூகத்தை எழுதி வைக்கிறேன், சரியா என்று நீ பார். அவன் அவளை ஏரியில் தள்ளவில்லை. டாக்டர் சொன்னதுதான் சரி. அவளுக்கு அந்த ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை. தானாகப் போகிற பெண்ணை அந்த ஊர் தலைமுறைக்கும் ஏசும். பனி கொண்டுபோனவளுக்காக மட்டும் அழும். அதனால் அவனே கயிற்றை அவிழ்த்து, அதன் நுனியை அவள் கையில் கொடுத்து, ஊர் எல்லை வரைக்கும் பனியில் கூட நடந்திருக்கிறான். அப்போது நனைந்ததுதான் அந்தக் கோட்டு. திரும்பி வந்து, பனி கொண்டுபோய்விட்டது என்று ஊரைக் கூட்டி அழுதிருக்கிறான். தினமும் விளக்கு ஏற்றுவதும் அவளைத் திரும்பக் கூப்பிட இல்லை. அவள் போகிற வழியில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டும் என்றுதான். அப்படித்தானே முடிகிறது? சொல்லாதே, சொல்லாதே. நானே மெதுவாகப் படித்துக்கொள்கிறேன்.

நூல் இன்னும் கிடைக்கவில்லை. கடைக்காரன் காட்டுகிற நீலம் எல்லாம் ஒன்று கறுப்பில் போகிறது, ஒன்று பச்சையில் போகிறது.

அன்புடன்,
அத்தை (இதை மாற்றுகிற மாதிரி இல்லை)


அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதத்தை மாமா படித்துக் காட்டினார். என் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன். பிறகு கண்ணாடி கிடைத்ததும் நானே ஒருமுறை படித்தேன்.

இனிமேல் நான் எழுதுவது முறையாக இருக்காது அத்தை, அவர் நாளைக்கு இன்னொரு கல்யாணம் செய்துகொள்வார், வருகிறவளுக்கு அது கஷ்டமாக இருக்கும், நான் ஒதுங்கிக்கொள்வதுதான் நல்லது, புத்தகத்தையும் சட்டையையும் மட்டும் அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு பக்குவமாக எழுதியிருக்கிறாய். நாளைக்கு வரப்போகிற காற்றையும் மழையையும் முன்கூட்டிச் சொல்கிற வேலை உனக்கு. ஆனால் என் வீட்டு வானிலையை எனக்கு நீ சொல்லவேண்டாம். வருகிறவள் வரட்டும். அவளுக்கும் ஒரு அத்தையாக இருக்க எனக்குத் தெம்பு இருக்கிறது. ஒருத்தி வருவதற்காக இன்னொருத்தியை அழித்துவிட்டு இடம் பண்ண இது என்ன கரும்பலகையா?

நீ சொன்னபடி புத்தகத்தை இதோடு பார்சலில் அனுப்புகிறேன். அத்தியாயம் அத்தியாயமாக ஊக்குக் குத்தியிருக்கிறது, பிரிக்கும்போது விரலில் குத்திக்கொள்ளாதே. பக்கங்களில் கொஞ்சம் கஞ்சி வாசனை வரும். ஏழாவது அத்தியாயத்தில் உன் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்விக்குறி இருக்கிறது, அது நான் போட்டது. ஆச்சரியக்குறிகள் எல்லாம் பல் டாக்டர் போட்டவை. கேட்காமல் போட்டுவிட்டார். கதை முடியாமல் புத்தகம் போகிறதே என்று மனுஷன் இன்று கோட்டே கொண்டுவரவில்லை.

ஒரே ஒரு குறை. கடைசி அத்தியாயம் காணவில்லை. பக்கங்கள் உதிர்ந்து கொட்டியபோது மேஜைக்கு அடியிலோ பாய்லருக்குப் பின்னாலோ போயிருக்கவேண்டும். தேடிப் பார்த்துவிட்டேன். நானும் இன்னும் முடிவைப் படிக்கவில்லை, எனக்கும் ஏமாற்றம்தான். கிடைத்ததும் அனுப்பிவைக்கிறேன். எப்போது கிடைக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. நீயே ஒருமுறை வந்து தேடினால் சீக்கிரம் கிடைத்தாலும் கிடைக்கலாம். நம் கடையில் எது எங்கே கிடக்கும் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும்.

கம்பளிச் சட்டைக்கு நூல் இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை சால்வையைச் சுற்றிக்கொள். மூடுபனியில் தனியாக நடக்காதே. உன் ஊர்ப் பனி தெருவை மாற்றாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். எங்கே இருந்தாலும் வயிறு நிறையச் சாப்பிட்டு, மனசு நிறையச் சிரித்து, நன்றாக இரு கண்ணு. நீ போன வழியை நினைத்து இங்கே யாரும் உன்னை ஏசவில்லை.

அன்புடன்,
அத்தை


மாமா எழுதுவது.

உன் அத்தை கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறாள். ஒட்டுவதற்கு முன் இந்த ஓரத்தில் கொஞ்சம் எழுதிக்கொள்கிறேன். எனக்கு அவளைப் போல நீட்டி எழுத வராது.

அவள் எழுதியதை நம்பாதே. நீ ஊரைவிட்டுக் கிளம்பின அந்த வாரத்திலேயே புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டாள். நாலாவது அத்தியாயம் என்று உனக்கு எழுதினபோது முடித்தாயிற்று. டாக்டருக்கும் எனக்கும் படித்துக் காட்டியது இரண்டாவது தடவை. போன கடிதத்தில் யூகம் என்று எழுதியது எதுவும் யூகம் இல்லை. முடித்துவிட்டேன் என்று சொன்னால் நீ புத்தகத்தைக் கேட்பாய், கொடுத்துவிட்டால் அப்புறம் உனக்கு எழுத என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள்.

கடைசி அத்தியாயமும் தொலையவில்லை. அலமாரியில், உன் நீலக் கம்பளிச் சட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறாள். நூல் எப்போதோ கிடைத்து, தைத்து, துவைத்தாயிற்று. சட்டையையாவது பார்சலில் சேர்த்துக் கட்டட்டுமா என்று கேட்டேன். அலமாரிக் கதவைச் சாத்தினாள். சரி, கடையிலேயே இருக்கப்போகிறதென்றால் வேறு துணியோடு கலந்துவிடாமல் ஒரு குறித் துண்டாவது குத்துகிறேன் என்று எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"வீட்டுத் துணிக்கு எதுக்குங்க குறி?" என்றாள்.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. ஒன்றும் தெரியாதவள் போல வந்து தேடு.

மாமா